பட்டினித் தட்டு

நத்தமேட்டுப் புழுப்பண்ணையின் புழுக்களில் விஷம் இருக்கிறது என்று இரண்டாவது மாதமும் முடிவு வந்தது. மாவட்டத்தில் மொத்தம் பதினொரு பண்ணைகள். மற்ற பத்திலும் ஒரு சொட்டுக்கூட இல்லை. நத்தமேட்டில் மட்டும்தான்.

கைபேசியில் வந்த அந்தச் செய்தியைத் தயாபரி இரண்டு தடவை படித்தாள். அவள் அந்தப் பண்ணையின் மேற்பார்வையாளர். அவளுக்குக் கீழே ஐந்து பெண்கள், அடுக்கடுக்கான தட்டுகளில் ஆகாயத்தாமரை இலையைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். நான்கு லட்சம் புழுக்கள் இலை கடிக்கும் சத்தம் கூரையில் தூறல் விழுவதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது.

'புதன்கிழமை தலைமை ஆய்வாளர் வருகிறார். நத்தமேட்டுப் புழுக்கள் அனைத்தும் வெந்நீரில் அழிக்கப்படும். பண்ணை மூடப்படும். ஏரியில் விடுவதற்குக் கீழணைப் பண்ணையின் தூய புழுக்கள் கொண்டுவரப்படும்' என்று செய்தி முடிந்திருந்தது.

ஆகாயத்தாமரை அந்த ஏரியைப் பிடித்துப் பல வருடங்களாகிவிட்டன. கரையில் நின்று பார்த்தால் தண்ணீரே தெரியாது, பச்சைக் கம்பளம்தான். வெட்டி அள்ளினால் பத்து நாளில் மறுபடி மூடிக்கொள்ளும். மருந்தடித்தால் மீன் செத்தது. கடைசியில் ஆராய்ச்சி நிலையத்தார் அந்தச் செடி பிறந்த தூர தேசத்து ஆற்றிலிருந்து ஒரு புழுவைக் கொண்டுவந்தார்கள். ஆகாயத்தாமரையைத் தவிர வேறெதையும் அது கடிக்காது. நெல்லின் மேல் விட்டால் பசியில் சாகுமே தவிர, நெல்லைத் தொடாது. ஒரே ஒரு குறை. பறவைகள் தின்றுவிடாமலிருக்க அது உடம்பில் விஷம் வைத்திருந்தது. பதினொரு வருடம் உழைத்து, தலைமுறைக்குத் தலைமுறை விஷம் குறைந்த புழுவாகப் பொறுக்கி வளர்த்து, நாற்பதாவது தலைமுறையில் விஷமே இல்லாத புழுவை உண்டாக்கிவிட்டார்கள். எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள்.

இந்த முடிவு இரண்டு மாதமாகத்தான் வருகிறது. மாதிரித் தட்டைத் தயாபரி பார்த்துக்கொள்வதும் இரண்டு மாதமாகத்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமலிருக்க அவளால் முடியவில்லை.

முன்பு அதைப் பார்த்துக்கொண்டவர் கலியமூர்த்தி. மார்கழியில் வண்டியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். மாதம் ஒரு முறை ஐம்பது புழுக்களை ஒரு வெள்ளைத் தட்டில் எடுத்து, முப்பத்தாறு மணி நேரம் இலையே போடாமல் வைத்து, பிறகு சோதனைக்கு அனுப்ப வேண்டும். பண்ணையில் அதற்குப் பெயரே பட்டினித் தட்டு. கலியமூர்த்தி அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். தயாபரி ஜன்னலோரம் வைத்தாள். இரண்டாம் நாள் விளக்கேற்றும் நேரத்தில் போய்ப் பார்த்தாள். ஐம்பது புழுக்களும் தட்டின் விளிம்புக்கு வந்து, முன்னுடம்பைத் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துத் தேடிக்கொண்டிருந்தன.

தயாபரி சன்மார்க்கக் குடும்பத்தில் பிறந்தவள். வாசலில் பசித்தவர் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் அவள் அம்மா சோற்றில் கை வைப்பாள். ஒரு உயிர் பசித்து நிற்கும்போது அதைத் தாண்டிப் போவதைவிடப் பெரிய பாவம் அந்த வீட்டில் கிடையாது. புழு வளர்க்கும் வேலை வந்தபோதுகூட, நான்கு லட்சம் வாய்க்குச் சோறு போடும் வேலைதானே என்று அவள் மகிழ்ச்சியாகத்தான் சேர்ந்தாள்.

ஒரு இலையை எடுத்துக் கிழித்துத் தட்டில் போட்டாள். காலையில் பார்த்தபோது புழுக்கள் பளபளவென்று கொழுத்து, அமைதியாகச் சுருண்டு கிடந்தன. தின்றது போக மிஞ்சிய இலை நரம்பைப் பொறுக்கி எறிந்தாள். சோதனைப் படிவத்தில் 'விதிப்படி பட்டினி வைக்கப்பட்டது' என்ற இடத்தில் கைரேகை வைத்தாள். ஒரு இலை என்ன செய்துவிடும் என்றுதான் நினைத்தாள். அடுத்த மாதமும் அப்படியே செய்தாள்.

இப்போது கலியமூர்த்தியைக் கைபேசியில் அழைத்தாள்.

"அண்ணே, பட்டினித் தட்டுல இலை கிலை விழுந்துட்டா என்னா ஆவும்?"

"விழுந்துட்டாவா, போட்டுட்டாவா?"

"மனசு கேக்கலண்ணே."

"அடக் கடவுளே" என்று அவர் சிரித்தார். "ஏம்மா, புழுவுக்குமா அன்னதானம்? உங்க வீட்டுல கொசுவுக்குத் தனியா பந்தி போடுவீங்கன்னு நான் வெளையாட்டுக்குத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"சிரிக்காதீங்கண்ணே. மேடம் புதன்கிழமை வராங்க."

சிரிப்பு நின்றது. "அப்பன்னா யார்கிட்டயும் சொல்லாத. பண்ணைய மூடுனா வேற பண்ணைக்கு மாத்திவிடுவாங்க. பொய்யா ரேகை வெச்சேன்னு தெரிஞ்சா எங்கயும் சேத்துக்க மாட்டாங்க. உம் பொண்ணு காலேஜு இன்னும் ரெண்டு வருசம் இருக்குதுல்ல? வாய மூடிக்கிட்டு இரு."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தச் சம்பளம் ஒன்றுதான் வீட்டில் அடுப்பு எரிய வைத்தது. தயாபரி வாயை மூடிக்கொண்டிருக்க முடிவு செய்தாள்.

புதன்கிழமை காலை தலைமை ஆய்வாளர் ஷெரின் வந்து இறங்கினாள். நாற்பது வயதிருக்கும், நாகர்கோவில் பக்கம். அந்தப் புழுவை நாற்பது தலைமுறை வளர்த்தவள் அவள்தான். வண்டியில் நான்கு பெட்டி நிறையக் கீழணைப் பண்ணையின் தூய புழுக்கள் இருந்தன. தூக்கமில்லாத முகம். ஆனாலும் பெண்களைப் பார்த்துச் சிரித்தாள், பெயர் கேட்டாள்.

"மனசு கஷ்டமாத்தான் இருக்கு அக்கா" என்றாள் தயாபரியிடம். "உங்க புழுக்கூட எங்கயோ பழைய விஷப்புழு கலந்துட்டு. வேற வழியில்ல. ஆமா, தட்டை முப்பத்தாறு மணி நேரம் பட்டினி போட்டீங்கல்லா?"

"போட்டேன் மேடம்."

சொல்லிவிட்டுத் தயாபரி போய்த் தண்ணீர் குடித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "எதுக்கு மேடம் அந்தப் பட்டினி?"

"வயித்துல இலை இருந்தா மெஷின் குழம்பிரும். இலையோட சாறு எது, புழுவோட விஷம் எதுன்னு பிரிக்க முடியாது. வெறும் வயிறுன்னா சுத்தமா தெரியும். வாங்க, ஏரியைப் பாத்துட்டு வருவோம். வெள்ளிக்கிழமை விடணும்."

ஏரிக்கரையில் தார்ப்பாய்க் கூடாரம் ஒன்று புதிதாக முளைத்திருந்தது. செய்யாறு பக்கத்திலிருந்து எண்ணூறு வாத்துகளை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார் கன்னியப்பன். மனைவி வேம்பு மூன்று கல் கூட்டிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். கரையோரம் தண்ணீர் தெரிந்த சின்ன இடத்தில் வாத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத குறையாக மேய்ந்துகொண்டிருந்தன.

"இன்னாம்மா, ஏரியில ஏதோ புழு வுடப்போறாங்களாமே" என்றார் கன்னியப்பன் நீளக்கம்பை ஊன்றிக்கொண்டு. "நம்ம பசங்களுக்கு விருந்துதான்."

"விருந்தேதான்" என்றாள் ஷெரின். "தின்னா ஒண்ணும் ஆகாது. பயப்படாதீங்க."

"கொக்குன்னா ஒண்ண கொத்திப் பாத்து, கசந்தா துப்பிடும். வாத்து அப்பிடியில்லீங்க. அள்ளிக்கினே போவும். ருசி பாக்கற பழக்கமே இதுங்களுக்குக் கெடையாது." அவர் தயாபரி பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இவங்க இன்னைக்கு வருவாங்க, நாளைக்குப் போவாங்க. நீ இங்கயே கீறவ. தின்னா ஒண்ணும் ஆவாதே?"

தயாபரி ஏரியைப் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை இலை. அவள் மனம் சின்னக் கணக்கு ஒன்றைப் போட்டது. மெஷின் குழம்பவில்லை என்றால், ஒரே ஒரு இலை தின்ற புழுக்களில் விஷம் இருந்தது. பட்டினி கிடந்த புழுக்களில் இல்லை. வெள்ளிக்கிழமை ஏரியில் விடப்போகிற தூய புழுக்கள் பட்டினியா கிடக்கப் போகின்றன? அவற்றுக்கு ஏரி முழுவதும் இலை. இந்த எண்ணூறும் அந்தப் புழுக்களை அள்ளித் தின்னும். இந்த வாத்துகளின் முட்டையை ஊரே தின்னும்.

இந்தக் கணக்கு மெஷினுக்குத் தெரியாது. மேடத்துக்கும் தெரியாது. இலை போட்டவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"பாத்துட்டுச் சொல்றேங்க" என்று கன்னியப்பனிடம் சொல்லிவிட்டு, "மேடம், கொஞ்சம் வாங்க" என்று ஷெரினைக் கரையின் மறுபக்கம் கூட்டிப்போனாள்.

சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஷெரினின் முகம் சிவந்தது.

"ரெண்டு மாசமுமா?"

"ரெண்டு மாசமும்தான் மேடம்."

"எத்தன இலை?"

"ஒண்ணுதான். ஆனா பெருசு."

"அக்கா, நாலு லட்சம் புழுவைக் கொதிக்கிற தண்ணியில கொட்டப் பாத்தோம். ஆறு பேரும் ஊர் மாறிப் போயிருக்கணும். ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா? விதின்னு ஒண்ணு போட்டா அதுக்கு ஒரு காரணம்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். ஏரியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்ட கேள்வி வேறு மாதிரி இருந்தது. "இலை கிடைச்சதும் எப்பிடி இருந்திச்சு? மறுநாள்?"

"கொழுகொழுன்னு இருந்துச்சு மேடம். பளபளன்னு."

"வாங்க, பண்ணைக்குப் போவோம்."

தூய புழுக்களின் பெட்டியிலிருந்து நூறு புழுக்களை ஷெரின் எண்ணி எடுத்தாள். சோதனைக்காக இரண்டு நாளாகப் பட்டினியில் இருந்த அவற்றில் ஐம்பதை அப்போதே நசுக்கித் தண்ணீரில் கரைத்து, சோதனைத் தாளை நனைத்தாள். தாள் வெள்ளையாகவே இருந்தது. மீதி ஐம்பதுக்குத் தயாபரி இலை போட்டாள். இந்த முறை யாருக்கும் தெரியாமல் அல்ல. "நெறையப் போடுங்க அக்கா" என்று ஷெரினே சொன்னாள்.

மறுநாள் காலை அந்த ஐம்பதின் குடலை நீக்கிவிட்டு, உடம்பை மட்டும் சோதித்தார்கள். தாள் செம்பருத்திப் பூப்போல் சிவந்தது.

ஷெரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டே இருந்தாள்.

"என்னா மேடம் அர்த்தம்?"

"விஷம் அதுக்கு ஆயுதம் மட்டும் இல்லக்கா. சேமிப்பு. நம்ம உடம்புல கொழுப்பு இருக்குல்லா, அது மாதிரி. பசி வந்தா தன் விஷத்தையே உடைச்சுச் சாப்பாடா ஆக்கிக்கிடுது. வயிறு நெறைஞ்சா மறுபடி சேத்துக்கிடுது." அவள் குரல் தாழ்ந்தது. "நாப்பது தலைமுறையையும் பட்டினி போட்டுத்தான் சோதிச்சேன். வெள்ளைத் தாள் காட்டினதை மட்டும் வளத்தேன். விஷமில்லாத புழுவை உண்டாக்கிட்டேன்னு நெனச்சேன். நான் வளத்தது பசியைச் சமாளிக்கத் தெரிஞ்ச புழுவை. பதினோரு வருஷம்."

"மனுசனுக்குப் பசிச்சாத்தான் மேடம் விஷம் ஏறும்" என்றாள் தயாபரி யோசனையாக. "இதுக்கு என்னமோ தலைகீழா இருக்குது."

ஷெரின் சிரிக்கப் பார்த்தாள்; முடியவில்லை. ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள். "இது யாருக்கெல்லாம் தெரியும் அக்கா?"

அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்தது தயாபரிக்குப் புரிந்தது. நேற்று அதே கேள்வியோடு வாயை மூடிக்கொண்டு நின்றவள்தானே அவளும்.

"உங்களுக்கு, எனக்கு. கலியமூர்த்தி அண்ணனுக்குப் பாதி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அப்புறம் நாங்க கும்பிடற ஜோதிக்கு" என்றாள்.

ஷெரின் தாளை மேசையில் வைத்தாள். அவள் நேற்று மதியத்திலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை என்பது தயாபரிக்கு அப்போதுதான் உறைத்தது. தன் தூக்குவாளியைத் திறந்து, ஆறு இட்லியையும் கொத்தமல்லித் துவையலையும் தட்டில் வைத்து அவள் முன்னால் நகர்த்தினாள்.

"முதல்ல சாப்பிடுங்க மேடம். எதுவா இருந்தாலும் அப்புறம் யோசிக்கலாம். வெறும் வயித்துல நல்ல முடிவு வராது."

ஷெரின் கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபித்தாள். பிறகு சாப்பிட்டாள். முதல் இட்லியைக் கஷ்டப்பட்டு விழுங்கினாள். மூன்றாவதில் கண் நிறைந்தது. ஐந்தாவதில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கை கழுவிவிட்டுத் தலைமை அலுவலகத்தைக் கைபேசியில் அழைத்தாள்.

"ஷெரின் பேசுறேன் சார். நத்தமேட்டுப் புழுவுல தப்பில்ல. தப்பு என் சோதனையில. ஆமா சார், பதினொரு பண்ணையிலயும். இல்ல, எதையும் ஏரியில விடக்கூடாது."

அரை மணி நேரம் பேசினாள். நடுவில் ஒரு தடவை கைபேசியைப் பொத்திக்கொண்டு, "ரேகை விஷயத்தையும் சொல்லணும் அக்கா. சொல்லாம இதை விளக்க முடியாது" என்றாள்.

"சொல்லுங்க மேடம். மறைச்சுப் பாத்தாச்சே. அதுவும் நல்லா இல்ல."

தயாபரிக்கு ஒரு மாதம் சம்பளமில்லாத விலக்கு என்று உத்தரவு வந்தது. வேலையைப் பறிக்கவில்லை. ஷெரினைத் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். ஆனால் இந்தப் புழுவைப் பற்றி அவளைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லாததால், நத்தமேட்டிலேயே தங்கி வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். வெந்நீர்க் கொப்பரையை ஐந்து பெண்களும் கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள்.

வழி எளிதாகவே இருந்தது. ஏரியில் ஒரு பகுதியைக் கரையோடு சேர்த்து வலை கட்டி அடைத்தார்கள். மேலேயும் வலை போட்டார்கள். உள்ளே நத்தமேட்டுப் புழுக்களை விட்டார்கள். இலை முழுவதையும் தின்று தீர்த்தபின் அவற்றுக்குப் பசிக்கும். பசித்தால் விஷத்தைத் தாங்களே தின்றுவிடும். பக்கவலை அப்படியே இருக்க, தாள் வெள்ளையாகும் நாளில் மேல்வலையைப் பிரித்து, புழுக்களைத் தின்று தீர்க்க வாத்துகளை விடலாம். அதுவரை ஏரிப் பக்கம் எந்த வாத்தும் போகக்கூடாது.

இதைக் கேட்டதும் கன்னியப்பன் பண்ணை வாசலுக்கே வந்துவிட்டார். விலக்கில் இருந்தாலும் தயாபரி அங்கேதான் இருந்தாள். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

"அன்னைக்கு ஒண்ணும் ஆவாதுன்னீங்க. இன்னைக்கு வெசம்னு சொல்றீங்க. நாளைக்கு இன்னா சொல்வீங்க, அமுதம்னா?" என்றார். "கீழ்ப் பக்கம் அறுப்புக்கு இன்னும் பதினாறு நாளு கீது. அதுவரைக்கும் எண்ணூறு வாத்த நான் எங்க மேய்க்கறது? உங்க புழுவுக்கு ஏரி நெறையச் சோறு, என் வாத்துக்குப் பட்டினியா?"

"அவங்க நல்லதுக்குத்தான் செய்றாங்க" என்றாள் பின்னாலிருந்து வேம்பு.

"நீ சும்மா இரு. நல்லதுன்னு சொல்லித்தான் எல்லாத்தையும் செய்யறாங்க."

பட்டினி என்ற சொல்லைக் கேட்டபின் தயாபரியால் நிற்க முடியவில்லை. சன்மார்க்க சங்கத்துக்குப் போனாள். அங்கே தினமும் கஞ்சி ஊற்றுகிற அடுப்புப் பக்கத்தில் மூட்டை மூட்டையாகக் குருணை இருந்தது. விஷயத்தைச் சொன்னாள். அங்கிருந்த பெரியவர், "எண்ணூறு பேருக்கா?" என்று ஒரு முறை கேட்டுவிட்டு, மாட்டுவண்டிக்குச் சொல்லியனுப்பினார். நெல் அரவை ஆலைக்காரர் தவிடு கொடுத்தார். மீன்பிடிக்கிறவர்கள் கழித்துப்போடும் பொடிமீனைக் கூடையோடு கொண்டுவந்தார்கள்.

வலை பிரியும் வரை பன்னிரண்டு நாளும் தயாபரி காலையிலும் மாலையிலும் பொட்டலில் நின்று வாத்துகளுக்கு இறைத்தாள். கன்னியப்பன் ஒரு நாள்கூட நன்றி சொல்லவில்லை. "குருணை தின்னா முட்டை ஓடு மெல்லிசா பூடும்" என்றார். "இப்பிடி உக்கார வெச்சுச் சோறு போட்டா அப்புறம் எந்த வாத்து நடக்கும்" என்றார். தயாபரி ஒவ்வொன்றுக்கும், "ஆமாங்க" என்றாள். எதற்காக இந்தப் பாடு என்று ஷெரின் பொறுமையாக விளக்கியும் அவர் நம்பவில்லை. குருணை இறைக்கிற இந்த அம்மாள்தான் தன் வாத்துகளை ஏரியில் இறங்க விடாமல் செய்தவள் என்பது மட்டுமே அவருக்குத் தெரிந்தது.

வலைக்குள் ஒன்பதாம் நாளே இலை தீர்ந்தது. பல வருடங்களுக்குப் பிறகு அந்த இடத்தில் வானம் தண்ணீரில் தெரிந்தது. மூன்று நாள் புழுக்கள் காய்ந்த தண்டுகளில் ஏறித் தலையைத் தூக்கித் தேடிக்கொண்டிருந்தன. தயாபரி அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தாள். பன்னிரண்டாம் நாள் பத்து இடங்களில் எடுத்த தாள்கள் பத்தும் வெள்ளை. ஷெரின் இன்னொரு முறையும் சோதித்துவிட்டு, மேல்வலையைப் பிரிக்கச் சொன்னாள்.

எண்ணூறு வாத்துகளும் கரையில் சரிந்து இறங்கிய சத்தம் ஊருக்குள் வரை கேட்டது.

நான்கு நாள் கழித்து, கீழ்ப் பக்கம் அறுப்புக்குக் கிளம்பும்போது, கன்னியப்பன் ஒரு கூடையோடு பண்ணைக்கு வந்தார். வைக்கோல் மேல் முப்பது முட்டைகள் இருந்தன.

"வேம்பு குடுத்துட்டு வரச் சொன்னா" என்றார், தன் மேல் குற்றமில்லை என்பதுபோல. "ஓடு நல்லாத்தான் கீது."

பிறந்ததிலிருந்து முட்டையைக் கையால் தொட்டிராத தயாபரி இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். "நல்லா இருங்க" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு வாத்துகளின் பின்னால் நடந்தார்.

உள்ளே ஷெரின், விஷமில்லாத புழு என்று பதினொரு வருடமாக எழுதிய அறிக்கைகளைத் தவறென்று திருத்தி எழுதிக்கொண்டிருந்தாள். ஆறு முட்டைகளை உடைத்துச் சோதித்தாள். ஆறு தாள்களும் வெள்ளை. நான்கை அவித்தாள். எழுதும் கையை எடுத்து முட்டை உரிக்க முடியாமல் அவள் திணறியதைப் பார்த்துத் தயாபரி பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவித்த முட்டையின் ஓட்டை நகத்தால் மெல்லத் தட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்கு ஆகாதே அக்கா. வெச்சிருங்க, நான் உரிச்சுக்கிடுதேன்."

"நான் சாப்பிடப்போறதில்லையே மேடம். நீங்க சாப்பிடத்தானே" என்றாள் தயாபரி. பழக்கமில்லாத விரல்களில் ஓடு துணுக்குத் துணுக்காகத்தான் வந்தது. ஆங்காங்கே வெள்ளையும் பிய்ந்துவிட்டது. உரித்து முடித்ததைத் தட்டில் வைத்து, உப்பும் மிளகும் தூவி நகர்த்தினாள்.

ஷெரின் பேனாவை வைத்துவிட்டுக் கண்களை மூடினாள். அவள் ஜெபம் முடியும் வரை தயாபரி கையிலிருந்த ஓட்டைக் கீழே போடாமல் காத்திருந்தாள்.